நீண்ட கால், குறைந்த வேகம்: சூப்பர் கப்பை ஆற்றுத் திட்டில் இறக்குவது

அலாஸ்காவின் ஆங்கரேஜில் லேக் ஹூட் ஏரியை ஒட்டி 2200 அடி நீளத்தில் ஒரு சரளைக்கல் ஓடுபாதை இருக்கிறது. அங்கே கட்டி நிறுத்தியிருக்கும் பைப்பர் சூப்பர் கப் விமானங்களைப் பக்கவாட்டில் பார்த்தால் போதும், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது எது, சக்கரத்தைத் தாங்கும் கால் மாற்றியது எது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். கால் மாற்றியது மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அடியில் 31 அங்குல டயர், உப்பிப் பருத்து, பாதி காற்று போனதுபோல் தரையில் பரந்து கிடக்கும்.

கல்லும் கட்டையும் தட்டாமல் இருக்கத்தான் இந்த உயரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் தரையிறங்கும் தூரத்தைக் குறைப்பது உயரம் அல்ல, அந்த உயரம் கொடுக்கும் கோணம். இது புரியாமல் நீட்டிய கால் வாங்கிப் பூட்டினால் பணமும் போகும், எடையும் கூடும், ஓடுதூரம் மட்டும் பழையபடியே இருக்கும்.

சூப்பர் கப், அதாவது பி.ஏ-18, 1949இல் வந்தது. எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய விமானம். முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கை. பெரும்பாலானவற்றில் 150 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின். இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 178 சதுர அடி, உச்ச எடை 1750 பவுண்டு. அந்த எடையில் ஃபிளாப்பை, அதாவது இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகையை, முழுவதும் இறக்கினால் மணிக்கு 43 மைலில் ஸ்டால் ஆகும் என்பது கையேட்டுக் கணக்கு. காற்று இறக்கையின் மேல்பரப்பை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சட்டென்று விழுவதுதான் ஸ்டால். அது நடப்பது ஒரு குறிப்பிட்ட தாக்குகோணத்தில், அதாவது இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலான கோணத்தில். வேகம் என்பது அந்தக் கோணத்துக்கு விமானம் வந்து சேரும் வழி மட்டுமே.

சிக்கல் எங்கே என்றால், தொழிற்சாலைக் காலில் மூன்று சக்கரமும் (முன்னால் இரண்டு, வாலில் ஒன்று) தரையில் இருக்கும்போது இறக்கையின் கோணம் ஸ்டால் கோணத்தைவிடக் குறைவு. இறக்கை தன்னால் முடிந்த முழு தூக்குவிசையையும் கொடுப்பதற்கு முன்பே வால்சக்கரம் தரையைத் தொட்டுவிடும். அதற்கும் மெதுவாக வர முயன்றால் வால் முதலில் அடிக்கும், மூக்கு தொப்பென்று விழும், முன்சக்கரங்கள் தரையில் மோதும். அதைத் தவிர்க்க விமானி இரண்டு மூன்று மைல் வேகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் தரையைத் தொடுவார்.

காலை நீட்டினால் எவ்வளவு மாறும்? முன்சக்கர அச்சிலிருந்து வால்சக்கரம் வரை சுமார் 16 அடி, அதாவது 190 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அச்சு 3 அங்குலம் உயர்ந்தால் கோணம் 0.9 டிகிரி கூடும். கால் சாய்வாக நிற்பதால் 3 அங்குல நீட்டிப்பு முழுவதும் உயரமாக மாறாது, கொஞ்சம் குறையும். அடுத்தது டயர். 8.50-6 என்ற அளவுள்ள டயரின் விட்டம் ஏறக்குறைய 22 அங்குலம். அதை எடுத்துவிட்டு 31 அங்குல டயர் போட்டால் அச்சு இன்னும் 4.5 அங்குலம் ஏறும், 1.4 டிகிரி. டயர் நசுங்குவதைக் கழித்தாலும் காலும் டயருமாகச் சேர்ந்து 2 டிகிரி தேறும்.

இந்த அளவு மெதுவான பறப்பில் ஒவ்வொரு டிகிரிக்கும் தூக்குவிசை நான்கைந்து சதவீதம் கூடும் என்று எடுத்துக்கொண்டால், 2 டிகிரிக்கு 9 சதவீதம். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே தரைதொடும் வேகம் 4 சதவீதம் குறையும், ஓடுதூரம் 8 சதவீதம் குறையும். 200 அடியில் நின்ற விமானம் இனி 185 அடியில் நிற்கும். தோராயக் கணக்குதான், ஆனால் அளவு இதுதான்.

இப்போது இன்னொரு பக்கம். 40 மைலில் தொட வேண்டிய விமானத்தை 45 மைலில் தொட்டால் ஓடுதூரம் 27 சதவீதம் கூடும். புதுக்கால் கொடுத்ததைப்போல மூன்று மடங்கை 5 மைல் கூடுதல் வேகம் தின்றுவிடும். கால் மாற்றுவதற்கு முன் கையில் அந்த 5 மைல் பிடிபட்டிருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பிறகு ஏன் அலாஸ்காவில் இத்தனை பேர் காலை நீட்டுகிறார்கள்? புரொப்பெல்லர் ஒரு பெரிய காரணம். சூப்பர் கப்போடு வருவது 74 அங்குலம். மண்ணிலும் பனியிலும் வேலை செய்பவர்கள் 82 அங்குல விட்டமும் 41 அங்குல பிட்ச்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம்) கொண்ட, போரர் என்று பெயர்போன புரொப்பெல்லரை மாட்டுவார்கள். நுனி 4 அங்குலம் தரையை நெருங்கும். வால்சக்கர விமானம் வாலைத் தூக்கி மட்டமாக ஓடும் நிலையில் நுனிக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 9 அங்குலம் இருக்க வேண்டும் என்றது 2017 வரை இருந்த அமெரிக்கச் சான்றிதழ் விதி. நீட்டிய காலும் பெரிய டயரும் அந்த இடைவெளியைத் திருப்பிக் கொடுக்கின்றன. இடைவெளி போதாவிட்டால் நுனி சரளையை உறிஞ்சி எடுத்து, தன் முன்விளிம்பைத் தானே கொத்திக்கொள்ளும்.

மூன்று கோணம் பொருந்த வேண்டும்

கால் தரும் கோணம் ஒன்று. இறக்கையின் ஸ்டால் கோணம் இரண்டு. மூக்கை ஏற்றி இறக்கும் வால்பலகையான எலிவேட்டர் எந்தக் கோணம் வரை மூக்கைத் தூக்கிப் பிடிக்க முடியும் என்பது மூன்று. இதில் மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை. தனியாக, பின்னால் சுமை இல்லாமல் பறக்கும்போது புவியீர்ப்பு மையம் முன்னால் வந்துவிடும். ஃபிளாப் முழுவதும் இறங்கியிருக்க, எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடியவுடன் வாலுக்குக் கிடைத்துவந்த புரொப்பெல்லர் காற்றும் நின்றுபோகும். கட்டுப்பாட்டுக் கம்பியான ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்து இழுத்தாலும் மூக்கு மேலே வராது. அந்த நிலையில் 6 அங்குலம் நீட்டிய கால் பூட்டியிருந்தாலும் பயன் இல்லை, எலிவேட்டர் விமானத்தை அந்தக் கோணத்துக்குக் கொண்டுபோகாது.

இதற்கு மலிவான வழி, தனியாகப் பறக்கும்போது அவசரகாலப் பையையும் கூடாரத்தையும் எடை அட்டவணை அனுமதிக்கும் அளவுக்குப் பின்னால் தள்ளிக் கட்டுவது. சூப்பர் கப்பில் டிரிம் (ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் பாரத்தைக் குறைக்கும் அமைப்பு) என்பது கிடைவாலையே திருகு வழியாக ஏற்றி இறக்குவது. இறங்குவதற்கு முன் அதை மூக்கு மேல்நோக்கிய பக்கம் நன்றாகத் திருப்பி வைக்க வேண்டும். ஆனால் மறுபடி மேலேற த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் அதே டிரிம் மூக்கைப் பலமாகத் தூக்கும், ஸ்டிக்கை முன்னால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். இதை உயரத்தில் ஒருமுறை செய்து பார்க்காமல் தாழ்வில் சந்திக்கக் கூடாது.

இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட் (சிறு இடைவெளி விட்டு நிற்கும் முன்தகடு) பொருத்திய விமானங்களின் கதை வேறு. ஸ்லாட் ஸ்டால் கோணத்தை நன்றாகவே உயர்த்திவிடும். அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் நிற்கும் கோணமும் உயர வேண்டும். தென் கரோலினாவின் வால்ஹல்லாவில் தயாராகும் ஜஸ்ட் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் சூப்பர்ஸ்டோல் விமானம் கொக்கு மாதிரி நிற்பது அதனால்தான். சாதாரண இறக்கையும் சுழல்காற்று எழுப்பும் சின்னத் தகடுகளும் மட்டும் உள்ள சூப்பர் கப்புக்கு 3 அங்குல நீட்டிப்பே போதும் என்பது என் எண்ணம். 6 அங்குலத்துக்குப் போவதற்கு முன் இறக்கையையும் எலிவேட்டரையும் பற்றி யோசிக்க வேண்டும்.

உயரத்துக்கு விலையும் உண்டு. விமானத்தின் எடைமையம் தரையிலிருந்து மேலே போகிறது. பிரேக்கை அழுத்தும்போது மூக்கைக் குப்புறத் தள்ளும் விசை அதே அளவுக்குக் கூடுகிறது. இதற்காகத்தான் வாஷிங்டன் மாநிலத்து யாகிமாவில் உள்ள கப்கிராஃப்டர்ஸ் தன் கார்பன் கப்புக்கு 3 அங்குலம் உயரம், 3 அங்குலம் முன்னால் என்று ஒரு காலைக் கொண்டுவந்தது. சக்கரம் முன்னால் போனால் பிரேக்கைத் துணிந்து அழுத்தலாம். ஆனால் வால் கனமாகிவிடும், புறப்படும்போது வால் எழத் தாமதமாகும். எடைமையம் சக்கரத்துக்கு இன்னும் பின்னால் இருப்பதால், கோணலாகத் தொட்டால் விமானம் சுழன்று திரும்பும் போக்கும் பலமாகும். வாலின் சுக்கானான ரட்டரை மிதிப்பதில் சோம்பல் உள்ளவருக்கு இந்தக் கால் ஆகாது.

நிறுத்தி வைத்திருக்கும்போதும் கவனம் வேண்டும். மூக்கு உயர்ந்து நிற்கும் இறக்கை சும்மா அடிக்கும் காற்றிலேயே தூக்குவிசை எடுக்கும். ஆற்றுத் திட்டில் இரவு தங்குபவர்கள் வாலைக் காற்றடிக்கும் பக்கமாகத் திருப்பி, மூன்று இடத்திலும் கட்ட வேண்டும். மூக்கைக் காற்றுக்கு நேராக விட வேண்டிய நிலை வந்தால் வாலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்திக் கட்டினால் இறக்கையின் கோணம் குறையும்.

காலில் பார்க்க வேண்டியவை

சூப்பர் கப்பின் கால் ஒரு முக்கோணக் குழாய்ச் சட்டம். உடலின் கீழ்க்குழாயில் கீல் மாதிரி இரண்டு இடத்தில் தொங்கும். நடுவில் உடலுக்குக் கீழே இறங்கும் வி வடிவக் குழாய்த் தாங்கியான கேபேனிலிருந்து இரண்டு பக்கமும் ஷாக் ஸ்ட்ரட் (அதிர்ச்சி தாங்கும் தண்டு) போகும். அதிர்ச்சியை வாங்குவது அந்த ஸ்ட்ரட்டில் இழுபடும் பஞ்ஜி ரப்பர் வளையம். நீண்ட கால் என்றால் நீண்ட நெம்புகோல். பக்கவாட்டில் விழும் ஒவ்வொரு அடியும் கீல் போல்ட்டுக்கும் கேபேனுக்கும் கூடுதலாகப் போய்ச் சேரும். அதனால் கால் நீட்டுபவர்கள் கேபேனையும் கனமான வகையாக மாற்றிவிடுவது நல்லது.

பஞ்ஜி வளையத்தை டார்ச் அடித்துக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மேலே சுற்றியிருக்கும் பின்னல் நூல் அறுந்து பிசிறு பிசிறாக நிற்கிறதா, எண்ணெய் பட்டுக் கறுத்திருக்கிறதா, வளைவில் தட்டையாகி உள்ளே ரப்பர் இழை தெரிகிறதா? பின்னலுக்குள் ஓடும் வண்ண நூல்கள் அது தயாரான ஆண்டையும் காலாண்டையும் காட்டும். புதிதாக வாங்கினாலும் அதைப் பார்த்தே வாங்க வேண்டும். சமதரையில், இரண்டு டயரிலும் ஒரே காற்றழுத்தத்தோடு நிறுத்தி, பின்னால் போய் நின்று பாருங்கள். ஒரு இறக்கை தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பஞ்ஜி தளர்ந்துவிட்டது. மாற்றுவதானால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். அதை இழுத்து மாட்டத் தனிக் கருவி இருக்கிறது. கருவி இல்லாமல் முயன்றால் விரல் போகும்.

ஸ்ட்ரட்டோடு சேர்த்து ஒரு எஃகு வடக்கயிறு கட்டாயம் வேண்டும். பஞ்ஜி அறுந்தாலும் ஸ்ட்ரட் முறிந்தாலும் கால் விரிந்து இறக்கை தரையில் படாமல் அதுதான் காக்கும். இதன் விலையை யோசித்துத் தள்ளிப்போடுவது எனக்குப் புரியவே இல்லை.

பஞ்ஜியின் பெரிய குறை, வாங்கிய விசையை அப்படியே திருப்பிக் கொடுப்பது. நிமிடத்துக்கு 500 அடி இறங்கு வேகத்தில் தரையில் பட்டால் அது 13 அங்குல உயரத்திலிருந்து விமானத்தைக் கீழே போடுவதற்குச் சமம். ரப்பர் அதை வாங்கி, அடுத்த நொடியே மேலே எறியும். குறைந்த காற்றில் இருக்கும் பெரிய டயரும் அதையே செய்யும். எண்ணெயும் வாயுவும் நிரப்பிய ஷாக் அப்சார்பர்கள் அந்த விசையை வெப்பமாக்கிக் கரைத்துவிடுகின்றன. குறுகிய தூரத்தில் இறங்குபவருக்குக் காலை நீட்டுவதைவிட இந்த மாற்றம் அதிகம் உதவும் என்றுகூடச் சொல்வேன். துள்ளிக் காற்றில் இருக்கும் நேரத்தில் பிரேக் எதுவும் வேலை செய்யாது, தூரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

டயருக்கு வருவோம். அலாஸ்கன் புஷ்வீல் என்ற பெயரில் வருபவை ட்யூப் இல்லாதவை. காற்றடைக்கும் வால்வு டயரின் பக்கச் சுவரில் இருக்கும். ட்யூப் உள்ள டயரில் காற்றைக் குறைத்து பிரேக் போட்டால் ரிம் டயருக்குள் வழுக்கி வால்வுக் காம்பை அறுத்துவிடும். இதில் அந்தப் பயம் இல்லை. அதனால்தான் ஒற்றை இலக்க பி.எஸ்.ஐ அழுத்தத்தில் ஓட்ட முடிகிறது. சரளைக்கு 6, 8 என்று தொடங்கி, மென்மணலுக்கு இன்னும் குறைத்து, எடைக்கு ஏற்ப ஒவ்வொருவரும் தம் அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். தார்ச்சாலை ஓடுபாதையில் இதே டயர் ரப்பர் துடைப்பான்போலத் தேயும். தொட்ட கணத்தில் பிடித்துக்கொண்டு மூக்கைக் கீழே இழுக்கவும் செய்யும். பக்கத்தில் புல்தரை இருந்தால் அதில் இறங்குவதே மேல்.

பெரிய டயர் பிரேக்கையும் பலவீனமாக்கும். 11 அங்குல ஆரத்துக்குச் செய்த பிரேக் 15.5 அங்குல ஆரத்தில் வேலை செய்தால் தரையில் கிடைக்கும் பிடிப்பு 71 சதவீதமாகக் குறையும். ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரோடு 31 அங்குல டயர் பூட்டிவிட்டு, சரிவில் நின்று எஞ்சினைச் சோதிக்கும்போது விமானம் நகர்கிறதே என்று திகைப்பவர்கள் உண்டு. இரட்டைப் பிஸ்டன் காலிப்பர், பெரிய டிஸ்க், நல்ல மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் ஒன்றாகவே திட்டமிட வேண்டும். அதேசமயம் பிரேக் கடுமையாகிவிட்டால் குப்புற விழுவதும் எளிதாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

கால் மாற்றியதும் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்பதை, விமானம் வழக்கமாகச் சுமக்கும் எடையோடு, சரிபார்க்க வேண்டும். வால்சக்கர விமானத்தில் முன்சக்கரங்கள் உள்நோக்கி நிற்கக் கூடாது. விமானம் இடதுபக்கம் திரும்பினால் எடை வலதுசக்கரத்தில் விழும். அது உள்நோக்கியிருந்தால் இடதுபக்கமே இழுக்கும், திருப்பம் இன்னும் முறுகும். நேராகவோ, இம்மியளவு வெளிநோக்கியோ இருந்தால் அதே எடை விமானத்தை நேராக்கும்.

வால்சக்கரத்தின் பட்டை வில் தளர்ந்தால் அதன் திருப்ப அச்சின் மேல்முனை முன்னால் சாய்ந்து, வால்சக்கரம் படபடவென்று ஆட ஆரம்பிக்கும். கால் உயர்ந்தால் அச்சு எதிர்ப்பக்கம் சாயும், ஆட்டம் கொஞ்சம் அடங்கும். அதை நம்பிப் பழைய பட்டை வில்லோடு ஓட்டக் கூடாது. குறைவேகத்தில் இறங்குபவரின் வால்தான் அதிக அடி வாங்குகிறது. வெல்டு வெடிப்பை அச்சைச் சுற்றியும் கீல் காதுகளிலும் தேடுங்கள். பெயிண்டில் முடி அளவு கோடும் பழுப்புக் கறையும் தெரிந்தால் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

இறங்குதல்

முதலில் 3000 அடி உயரத்தில், அன்றைய எடையோடு, ஃபிளாப்பை முழுவதும், அதாவது 50 டிகிரி இறக்கி, ஸ்டால் எந்த எண்ணில் வருகிறது என்று வேகமானியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கையேட்டின் 43 மைல் 1750 பவுண்டுக்கானது. 1300 பவுண்டில் அதே இறக்கை ஏறத்தாழ 37 மைலில் ஸ்டால் ஆகும். போதாததற்கு, மூக்கு தூக்கிய நிலையில் காற்றழுத்தக் குழாய் சாய்வாகக் காற்றை வாங்குவதால் வேகமானி பெரும்பாலும் குறைத்தே காட்டும். எனவே உங்கள் விமானத்தில் உங்கள் வேகமானி காட்டும் எண்தான் உங்களுக்கு வேண்டியது, நண்பர் சொன்ன எண் அல்ல.

இறங்கும் வேகம் அந்த எண்ணைப்போல 1.3 மடங்கிலிருந்து தொடங்கட்டும். அது 43க்கு 56 மைல். நீளமான ஓடுபாதையில் குறித்த இடத்தில், விடாமல், ஒவ்வொரு முறையும் தொட முடிந்த பிறகு 1.2க்கு வரலாம், 43க்கு அது 52 மைல். அதற்கும் கீழே போவது அமைதியான காற்றில், நல்ல பயிற்சியோடு மட்டும். அந்த எல்லையில் எஞ்சின்தான் விமானத்தைத் தாங்குகிறது. உயரத்தை த்ராட்டிலும் வேகத்தை ஸ்டிக்கும் பார்த்துக்கொள்கின்றன. தாழ்கிறது என்று ஸ்டிக்கை இழுத்தால் இன்னும் தாழும். எஞ்சின் ஒரு இருமல் இருமினாலும் கல்லாக விழும்.

ஆற்றுத் திட்டை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. மணிக்கு 60 மைல் என்பது நொடிக்கு 88 அடி. தாழ்வாக 60 மைலில் பறந்து, திட்டின் தொடக்கத்தில் எண்ண ஆரம்பித்து முடிவில் நிறுத்துங்கள். 7 நொடி என்றால் 616 அடி. காற்று ஏமாற்றும், ஆகவே இரண்டு திசையிலும் பறந்து சராசரி எடுக்க வேண்டும். ஒரு பறப்பு நீளத்துக்கு, அடுத்தது மேற்பரப்புக்கு. வெயில் சாய்வாக அடிக்கும் நேரத்தில் நிழல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்: வெள்ளம் அறுத்த பள்ளம், பாதி புதைந்த மரக்கட்டை, குவியலாகக் கிடக்கும் பெருங்கல். நடுப்பகல் வெளிச்சத்தில் அதே திட்டு சிமெண்டுத் தரைபோலத் தெரியும். அதை நம்பக் கூடாது.

மூன்றாவது பறப்பில், வேகத்தையும் த்ராட்டிலையும் வைத்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் தரையில் உரசிப் பார்க்கலாம். எடையை இறக்கையிலேயே வைத்திருக்க வேண்டும். சரளை கடகடவென்று ஒலித்தால் நல்லது. மெத்தென்று இழுத்தால் மணலோ சேறோ. உடனே த்ராட்டில், உடனே மேலே. உரசிய தடத்தை அடுத்த சுற்றில் பாருங்கள். ஆழமாகப் பதிந்திருந்தால், தடத்தில் தண்ணீர் ஊறி மினுங்கினால், அந்தத் திட்டு வேண்டாம். சுற்றி வரும்போது தாழ்வில் கீழேயே பார்த்துக்கொண்டு திருப்பத்தை இறுக்குவதுதான் அலாஸ்காவில் பல உயிர்களை எடுத்த பழக்கம். தரையில் நிற்கும் மூஸ் மானைப் பார்த்தபடி திரும்பி ஸ்டாலில் விழுவதற்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது. சுற்றும்போது ஃபிளாப் பாதி, வேகம் கூடுதல், திருப்பம் அகலமாக.

இறுதி இறக்கத்தில் குறியிடமும் தொடும் இடமும் ஒன்றல்ல. கண்ணாடியில் அசையாமல் நிற்கும் புள்ளிதான் குறி. விமானம் அதைத் தாண்டிக் கொஞ்சம் மிதந்துதான் தொடும். சரியான வேகத்தில் அந்த மிதப்பு மிகக் குறைவு. மிதந்துகொண்டே போகிறது என்றால் வேகம் அதிகம். ஒட்டவைக்கப் பார்க்காமல் மேலேறிவிடுங்கள். எந்த இடத்துக்குள் தொடாவிட்டால் மேலேறுவது என்பதை வரும் முன்பே ஒரு கட்டையையோ புதரையோ பார்த்து முடிவு செய்திருக்க வேண்டும். மலைக்குள் சில இடங்களில் அந்த முடிவு இறுதி இறக்கத்துக்கும் முன்பே வந்துவிடும். முடிவில் மலைச்சுவர் நிற்கும் திட்டில் மேலேற வழியே கிடையாது.

தரைக்கு இரண்டடி மேலே மூக்கு எழுகிறது, வேகம் கரைகிறது, கடைசி நொடியில் கொஞ்சம் த்ராட்டில் விமானத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. சக்கரம் பட்டதும் இடதுகை த்ராட்டிலை முழுக்க மூடி, அதே வீச்சில் கீழே ஃபிளாப் நெம்புகோலுக்குப் போகும். சூப்பர் கப்பில் இரண்டும் இடதுபக்கம்தான். கையால் இயங்கும் ஃபிளாப் ஒரே நொடியில் மேலே போய்விடும், இறக்கை தூக்குவதை விடும், எடை முழுவதும் டயருக்கு வரும். அப்போதுதான் பிரேக் கடிக்கும். மோட்டாரில் இயங்கும் ஃபிளாப் உள்ள விமானங்களுக்கு இந்த வசதி இல்லை. ஸ்டிக் முழுக்கப் பின்னால். வால் தரையில் அழுந்தியிருக்கும்வரை பிரேக்கை ஏற்றிக்கொண்டே போகலாம். வால் லேசானால் உடனே விடுங்கள். த்ராட்டிலை தரைக்கு மேலேயே மூடிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்வது. இறக்கைமேல் ஓடிய புரொப்பெல்லர் காற்று நின்றவுடன் விமானம் கீழே விழும், பஞ்ஜி மேலே எறியும்.

0.3 ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் மூன்று பங்கு அளவுக்குப் பிரேக் பிடித்தால், 40 மைலில் தொட்ட விமானம் சுமார் 180 அடியில் நிற்கும். எதிர்க்காற்று இங்கே பெரிய துணை. 45 மைல் காற்றுவேகத்தில் 10 மைல் எதிர்க்காற்று இருந்தால் தரைவேகம் 35தான், ஓடுதூரம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்துவிடும். ஒவ்வொரு மே மாதமும் அலாஸ்காவின் வால்டீஸில் நடக்கும் குறுந்தூரப் போட்டியில் 10 அடியை ஒட்டி நிற்கும் விமானங்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன: எதிர்க்காற்று, உரித்தெடுத்த எடை, கொஞ்சமே பெட்ரோல். கோட்டுக்கு முன்னால் தொட்டால் அந்த முயற்சி செல்லாது என்ற விதிக்காக அந்தப் போட்டியை நான் மதிக்கிறேன். திட்டில் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருப்பது ஆறு.

திரும்பிப் போவதைப் பற்றி இறங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். சுமையோடு புறப்பட வேண்டிய தூரம் பெரும்பாலும் இறங்கிய தூரத்தைவிட அதிகம். நடந்து அளந்து, பாதித் தூரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கல்லையோ துணியையோ வையுங்கள். அந்த இடத்தை எட்டும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும், 40க்கு 28 மைல். அந்த அளவு குறைவேகத்தை வேகமானி நம்பும்படி காட்டாது. அதனால் சுமையில்லாமல் ஒருமுறை புறப்பட்டு, அந்தக் குறியருகே வால் எப்படி எழுகிறது, டயர் எவ்வளவு லேசாக ஓடுகிறது என்று உடம்புக்குப் பழக்கிக்கொள்வது உதவும். உயர்ந்த மூக்கோடு நிற்கும் விமானம் மூன்று சக்கர நிலையிலேயே தரையை விட்டுத் தாவிவிடும். தாவியதும் மூக்கைத் தாழ்த்தித் தரையை ஒட்டியே வேகம் சேர்க்க வேண்டும், இழுத்தால் மறுபடி தரையில் விழும். சந்தேகம் இருந்தால் சுமையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை அருகிலுள்ள நீளமான திட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பி வந்து மறுபாதியை எடுத்துப்போய், அங்கிருந்து முழுச் சுமையோடு கிளம்பலாம்.